எக்ஸ்பாக்ஸ் பெட்டி இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் மூன்றில் ஒன்று கன்சோல் தயாரிப்பைக் கைவிட வேண்டுமென்றால், குறைவாக வலிக்கப்போவது மைக்ரோசாஃப்டின் விலகல்தான். புதிய 'செல்டா'வை ஆட நிண்டெண்டோ கருவிதான் வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்கோ அந்தப் பிடிமானம் கரைந்துகொண்டே வருகிறது. அதன் சொந்த ஆட்டங்களான 'ஸீ ஆஃப் தீவ்ஸ்' 2024-இலும், 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' 2025-இலும் சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கே போய்விட்டன. 6,870 கோடி டாலர் பேரத்தில் ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கியபோதும், அதன் 'கால் ஆஃப் டூட்டி' பிளேஸ்டேஷனில் தொடரும் என்று 2023-இல் சோனியுடன் ஒப்பந்தமே போட்டார்கள். கடைக்காரரே சரக்கை எதிர்க்கடையில் அடுக்கினால், கடை எதற்கு?

போட்டி குறைந்தால் சோனி விலையை ஏற்றிவிடும் என்பார்கள். நியாயமான பயம்தான், ஆனால் எக்ஸ்பாக்ஸ் களத்தில் இருந்தபோதே, 2022 ஆகஸ்டில், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விலையேற்றத்தை அறிவித்தது சோனி. 2002-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் லைவ் கன்சோலில் இணையவழி ஆட்டத்துக்குப் பெரிய வழி திறந்தது, மறுக்கவில்லை. இன்று அது எல்லோருக்குமான வழி. மைக்ரோசாஃப்டின் ஆட்டச் சந்தாவான கேம் பாஸோ கணினியிலேயே கிடைக்கிறது.