காவலருக்குப் பயிற்சி எங்கே?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் மார்க்கத்தில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே நெமிலிச்சேரி என்ற ஊர் இருக்கிறது. குரோம்பேட்டைப் பக்கத்தில் இதே பெயருடைய வேறோர் ஊரும் உண்டு. நாம் குறிப்பது அதுவன்று. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை சுமார் 60 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் குறுக்கிடும் இடமே இவ்வூர். சாலை வந்தது; அதைத் தொடர்ந்து கிடங்குகள் வந்தன; மனைகள் விலையேறின; அடுக்கு வீடுகள் எழுந்தன. பக்கத்துப் பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடிகளுள்ள டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடம் ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு மனிதர் நிற்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறார் என்று சொல்வதே பல இடங்களில் பொருத்தமாகும். அவருக்குச் சட்டை உண்டு, தொப்பி உண்டு, ஊதல் உண்டு. அவர் செய்யும் தொழிலில் அவருக்குக் கல்வி உண்டா?

அண்மையில் ஓர் இரவு அவ்வூரிலுள்ள நண்பர் இல்லத்திலிருந்து திரும்புகையில், அத்தகைய ஒருவருடன் சிறிது நேரம் உரையாடும்படி நேர்ந்தது. வயது அறுபதுக்கு மேலிருக்கும். முன்பு குத்தகை நிலத்தில் பயிரிட்டு வந்தவர். வேலையில் சேர்ந்தபோது என்ன கற்பித்தார்கள் என்று வினவினோம். "சல்யூட் அடிக்கச் சொன்னாங்க சார். வண்டி நம்பரை நோட்டுல எழுதச் சொன்னாங்க. தூங்கக் கூடாதுன்னாங்க" என்றார். அவருக்குப் பின்னே சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்புக் கருவியொன்று தொங்கிற்று. அதை இயக்குவது எப்படியென்று கேட்டோம். அதைத் தொடக் கூடாதென்று உத்தரவாம்! அக்கட்டடத்தில் உறங்குகிற குடும்பங்கள் அவரை நம்பியே உறங்குகின்றன. அவரோ ஒன்றும் அறியாதவராக அங்கே உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறார். குற்றம் அவருடையதா?

சட்டம் இல்லாமலில்லை. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005இல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2006 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. நமது ராஜ்ய சர்க்காரும் 2008இல் தமக்குரிய விதிகளை வகுத்தனர். 18 வயது நிரம்பாதவரையும் 65 வயது எய்தியவரையும் காவலராக வைத்துக்கொள்ளலாகாது; விதித்த பயிற்சியைச் செவ்வனே முடிக்காதவரையும் வைத்துக்கொள்ளலாகாது என்று அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பயிற்சியளிக்கும் கடமை ஏஜென்சியைச் சேர்ந்தது. எவ்வளவு பயிற்சி? 2006ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் கணக்கிட்டே சொல்லிவிட்டன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், 20 வேலை நாட்களுக்குக் குறையாமல். பாடங்களின் வரிசையைப் பார்த்தால் வியப்புண்டாகும். தீயணைத்தல், முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், அடையாளச் சீட்டுகளைப் பரிசோதித்தல், வெடிப்பொருளை இனங்காணல், தற்காப்புரிமை பற்றிய சட்டம், போலீஸில் முதல் தகவல் கொடுக்கும் முறை எல்லாம் அதில் அடங்கும். ஆண் காவலர் ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓடிக் கடக்க வேண்டுமென்றும் விதித்திருக்கிறார்கள். நாம் மேலே சொன்ன பெரியவர் ஓடுவதைக் கற்பனை செய்து பார்க்க நமக்கு மனம் வரவில்லை.

நெமிலிச்சேரிக்கு அடுத்த திருநின்றவூர், பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர். பொருளில்லாத அவ்வடியார் மனத்திலேயே கல் சேர்த்து, மனத்திலேயே சுவரெழுப்பி, மனத்திலேயே கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். பல்லவ மன்னன் கட்டிய கற்றளியை விட்டுவிட்டு இறைவன் அன்று அங்கே எழுந்தருளினான் என்பது பெரிய புராண வரலாறு. மனத்திலே கட்டிய கோயிலை இறைவன் ஏற்றுக்கொள்வான். மனத்திலே நடத்திய 160 மணி நேரப் பயிற்சியைத் தீ ஏற்றுக்கொள்ளுமா, திருடன் ஏற்றுக்கொள்வானா? ஒழுங்காகப் பயிற்சி தரும் ஏஜென்சிகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு முடிந்துவிடும் பயிற்சி எவ்வளவு என்பது இத்தொழிலில் உள்ளவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வாயிலில் நிற்பது பெரிய வித்தையா என்று சிலர் கேட்கக்கூடும். 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடியுமுன் கல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேலேறிச் சுமார் 90 பேர் மாண்டனர். பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள். பக்கத்துக் குடிசைவாசிகள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தபோது, காவலர்கள் அவர்களை உள்ளே விடாமல் திருப்பியனுப்பிவிட்டனர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அக்காவலர்கள் கொடியவர்களா? அல்லர். அந்நியரை உள்ளே விடாதே என்ற ஒரே பாடத்தை மட்டும் கற்றிருந்தார்கள். அதை வழுவாமல் நிறைவேற்றினார்கள். எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இனி, வழக்கறிஞர் என்ற முறையில் நமது கண்ணை உறுத்தும் ஒன்றைச் சொல்லுவோம். தனியார் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவுமில்லை. சாதாரணப் பிரஜைக்குள்ள அதிகாரமே அவருக்கும் உண்டு. வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கதும் ஜாமீனில் விடத்தகாததுமான குற்றத்தைத் தம் கண்ணெதிரே ஒருவன் செய்தால் அவனைப் பிடித்து வைக்கலாம். தாமதமின்றிப் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டம் அதற்கு ஆறு மணி நேரம் என்று எல்லையும் கட்டியிருக்கிறது. இது தெரியாத காவலர், சந்தேகத்தின்மீது ஓர் ஏழைப் பையனைக் கம்பத்தில் கட்டி அடித்தாரானால் காலையில் அவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். அடிக்கச் சொல்லி ஊக்கியவர்கள் அப்போது அவருக்கு ஜாமீன் கொடுக்க வரமாட்டார்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவருடைய சொந்தப் பாதுகாப்புக்கும் வேண்டும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் காளி கோயிலில் ஒப்பந்தக் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர், பக்தரின் காரிலிருந்த நகை காணவில்லை என்ற புகாரின்பேரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் போலீஸ் காவலில் உயிரிழந்தார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், விசாரணை மத்திய புலனாய்வுத் துறையிடம் சென்றது. அங்கே குறைவாயிருந்தது காவலாளியின் பயிற்சியன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பொருள் காணாமற் போனால் முதற் பார்வை யார்மேல் விழுகிறது என்பதை அச்சம்பவம் நாடறியக் காட்டிவிட்டது. பழைய தமிழகத்தில் பாடிகாவல் செய்தவன், தன் எல்லைக்குள் களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இல்லையேல் ஈடு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்புக்கு ஈடாக அவனுக்கு மானியமும் விளைச்சலில் பங்கும் இருந்தன. இன்றைய காவலருக்கு மானியம் இல்லை. ஈடு செய்யும் பொறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. காணாமற்போன சைக்கிளுக்காகச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்கன்றிப் பிடித்தம் செய்யக் கூடாதென்றும், அதற்கு முன் அவருடைய சமாதானத்தைக் கேட்க வேண்டுமென்றும் 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே விதித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பயிற்சிப் பாடத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது சேர்க்கலாகாதா?

பயிற்சி ஏன் நடப்பதில்லை என்று பார்ப்போம். இருபது நாள் வகுப்பில் உட்காருகிறவர் அந்த இருபது நாளும் எதைத் தின்பார்? நாட்கூலியை இழந்து படிக்க அவரால் இயலாது. ஏஜென்சிக்காரரைக் கேட்டால், பயிற்சி கொடுத்து முடித்ததும் ஐந்நூறு ரூபாய் அதிகம் கிடைக்குமென்று ஆள் அடுத்த ஏஜென்சிக்குப் போய்விடுகிறான் என்கிறார். அவர் சொல்வதும் முழுப் பொய்யன்று. இவ்விருவருக்கும் மேலே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நாம்! குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மூன்று கம்பெனிகளின் டெண்டரை வைத்துக்கொண்டு, எது மலிவோ அதற்குக் கை தூக்குகிறோம். எட்டு மணி வேலை வேண்டுமென்று மேடையில் முழங்குகிற நண்பர்களே தங்கள் குடியிருப்பு வாயிலில் பன்னிரண்டு மணி ஷிப்டுக்குக் கையெழுத்திடுவதை நாம் கண்டிருக்கிறோம். டெண்டர் தொகையில் பயிற்சிச் செலவு எவ்வளவு என்று எந்தச் சங்கமாவது கேட்டதுண்டா?

இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டின் சட்டப்படி, குத்தகைக்குக் காவல் காக்கும் ஒவ்வொரு ஆளும் தம் பெயரிலேயே லைசென்ஸ் பெற வேண்டும். பயிற்சி முடிக்காமல் அது கிடைக்காது. கம்பெனி மாறினாலும் லைசென்ஸ் அவருடையது. சிங்கப்பூரில் 2016 முதல் காவலரின் படிப்பு, பதவி, சம்பளம் மூன்றையும் ஒரே ஏணியாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு படி கற்றால் ஒரு படி ஊதியம் உயர வேண்டும். ஏஜென்சி அதற்கு இணங்காவிட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து. கடல் கடந்து போவானேன்? பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம் 1981லேயே தனிச் சட்டமியற்றி, காவலரைப் பதிவு செய்து வேலைக்கனுப்பும் போர்டுகளை ஏற்படுத்திற்று. நம் நாட்டுச் சட்டமோ லைசென்ஸை ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. பயிற்சிச் சான்றிதழ் ஆள் பெயரில் எழுதப்பட்டாலும், அது ஏஜென்சியின் இரும்புப் பீரோவில் உறங்குகிறது. நாம் விசாரித்தவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. கற்ற கல்வி கற்றவனுக்குச் சொந்தமாகாத விந்தை இத்தொழிலில்தான் உண்டு போலும். அச்சான்றிதழ் காவலர் கைக்கு வரவேண்டும். ஏஜென்சி மாறினாலும் செல்லவேண்டும். அதைக் காட்டுகிறவருக்குக் காட்டாதவரைவிடக் கூடுதல் சம்பளம் தரவேண்டும். அப்போது பயிற்சியை ஏமாற்றும் ஏஜென்சியைக் காவலரே விடமாட்டார். இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்க வேண்டிய வேலையும் பாதியாய்க் குறையும்.

பயிற்றுவிக்க ஆள் எங்கே என்று கேட்பவர்கள் ஆவடியை ஒருமுறை சுற்றி வரட்டும். அங்கே மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் பட்டாளங்கள் இருக்கின்றன. டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. ஓய்வு பெற்ற ஹவில்தார்களும் போலீஸ்காரர்களும் அச்சுற்றுப்புறத்தில் ஏராளம். அத்தகையோருக்கு 40 மணி நேரப் படிப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதுமென்று விதிகளே சலுகை தந்திருக்கின்றன. இவர்களையும் வாயிலில் உட்கார்த்தி வண்டி எண் எழுதச் சொல்வதைவிட, ஆசிரியராக்கினால் என்ன? அம்பத்தூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தையலுக்கும் பிட்டர் வேலைக்கும் அங்கே சான்றிதழ் உண்டென்றால் காவலுக்கு ஏன் இருக்கக் கூடாது? 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்குத் தொழில் திறன் அளிக்க முற்பட்டது, நன்று. நாற்பத்தைந்து வயதில் நிலமிழந்து, ஆலையிழந்து, முதன்முதலாகக் காக்கிச் சட்டை போடுகிறவருக்கும் அவ்வகையில் ஒரு திட்டம் வேண்டும்.

பாடம் தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறோம். மாதிரி விதிகள் ஆங்கில எழுத்தை இனங்காணத் தெரிய வேண்டுமென்கின்றன; சீட்டுகளைப் பார்ப்பதற்கு அது தேவைதான். ஆனால் முதலுதவியையும் சட்டத்தையும் தாய்மொழியிலன்றி இருபது நாளில் யாருக்குப் புகட்ட முடியும்? இன்று நம் வாயில்களில் அஸ்ஸாமியரும் ஒடியரும் நேபாளிகளும் நிற்கிறார்கள். அவர்களை விரட்ட வேண்டுமென்று நாம் ஒருபோதும் சொல்லோம். பிழைக்க வந்தவரைப் பழிப்பது தமிழர் வழக்கமன்று. அவர்களுக்கு, 108க்கோ 112க்கோ கூப்பிட்டுத் தாம் நிற்கும் தெருவின் பெயரைச் சொல்லுமளவேனும் தமிழ் கற்பிக்க வேண்டும். நள்ளிரவில் மாரடைப்பால் துடிப்பவருக்கு அந்த நான்கு வார்த்தையே உயிர்.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்பதே நோக்கமென்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் நிறைவேறிய இடத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே, பிறர் சொத்தைக் காக்கிறவருக்குத் தம் தொழிலைக் கற்கும் உரிமைகூடக் கைக்கெட்டாமல் இருக்கிறது. தொழிலாளர் இலாகாவும் உள்துறையும் கலந்து, ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லைக்குள் ஒரு பயிற்சி நிலையத்தை முன்மாதிரியாகத் தொடங்கட்டும். இருபது நாள் கூலியை ஏஜென்சிகளும் வேலை கொடுப்பவரும் பங்கிட்டுத் தரட்டும். பரீட்சையைத் தீயணைப்புத் துறையாரும் வெளியாரும் நடத்தட்டும். முதல் வகுப்புக்கு முப்பது பேர் வேண்டுமென்றால், அதிகாரிகள் ஒரு மாலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வெளிவட்டச் சாலை வரை நடந்து பார்க்கட்டும்.