அமைச்சர் விமானம் ஏறும் முன்

கோபன்ஹேகனின் கிறிஸ்டியான்ஸ்போர்க் மாளிகையில் பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் ஒரு கூட்டல் கணக்கு நடக்கிறது. அடுத்த வாரம் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் கூட்டத்துக்குப் போக வேண்டிய டென்மார்க் அமைச்சர், நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழு முன் வந்து உட்காருகிறார். எதற்கு ஒப்புக்கொள்ளப் போகிறார், எதில் இறங்கி வருவார், எதில் விடாப்பிடியாக நிற்பார் என்று விளக்குகிறார். கட்சிகளின் பிரதிநிதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் நிலையைச் சொல்கிறார்கள். குழுவில் இருப்பவர்கள் 17 பேர்தான். ஆனால், 179 இடங்கள் கொண்ட அவையில் அவரவர் கட்சிக்கு எத்தனை உறுப்பினர்கள் என்பதையே தலைவர் கூட்டிப் பார்க்கிறார். எதிர்ப்பு 90-ஐத் தொடாவிட்டால், அரசின் நிலைக்கு எதிராகப் பெரும்பான்மை இல்லை என்று அறிவிக்கிறார். அமைச்சர் விமானம் ஏறலாம். தொட்டுவிட்டால் நிலையை மாற்றிக்கொண்டு வர வேண்டும். யாரும் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டியதில்லை என்பது இதில் ஒரு நுட்பம். வேண்டாம் என்பவர்கள் போதிய அளவில் இல்லாதிருந்தால் சரி.

இந்த ஏற்பாடு ஒரு சண்டையில் பிறந்தது. டென்மார்க் 1973 ஜனவரி 1 அன்று இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. குழு அதற்கு முந்தைய ஆண்டே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் சேர்ந்த சில வாரங்களிலேயே, பிரிட்டனுக்குப் போகும் பன்றி இறைச்சி ஏற்றுமதி தொடர்பான ஒரு சமரசத்துக்கு விவசாய அமைச்சர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தலையசைத்துவிட்டார். டென்மார்க்கில் அது சின்ன விஷயமல்ல. எதிர்க்கட்சிகள் கொதித்தன. பேரத்துக்கு முன் குழுவின் அனுமதி வேண்டும் என்ற வழக்கம் அந்த ஆண்டே நிலைபெற்றது.

ஒன்றியத்தின் 27 நாடுகளும் இந்த வழிக்கு வர வேண்டும். காரணம் எளிது. சொந்த நாட்டில் அமைச்சர் என்பவர் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நிறைவேற்றுபவர். அமைச்சர்கள் கூடும் பிரஸ்ஸல்ஸ் கவுன்சில் அறைக்குள் நுழைந்ததும் அவரே சட்டம் இயற்றுபவராகிவிடுகிறார். அங்கே முடிவாகும் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேல் நிற்கும். அவர் ஊர் திரும்பிய பிறகு நாடாளுமன்றத்துக்கு மிஞ்சுவது, இறக்கி வைத்த குழம்பில் உப்புப் பார்க்கும் வேலைதான்.

பின்லாந்து இதை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. சாசனத்தின் 96, 97 ஆவது பிரிவுகளின்படி, நாடாளுமன்ற அதிகாரத்துக்குள் வரக்கூடிய ஒன்றிய முன்மொழிவுகளை அரசு தாமதமின்றி அவைக்கு அனுப்ப வேண்டும். துறைவாரிக் குழுக்கள் கருத்துச் சொல்ல, 25 உறுப்பினர் கொண்ட பெருங்குழு அவையின் நிலையை முடிவு செய்கிறது. அரசுத் தலைவர்கள் கூடும் உச்சி மாநாட்டுக்கு முன்பும் பின்பும் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் தர வேண்டும். விவசாயம் தெரிந்தவர் விவசாய முன்மொழிவைப் படிக்கிறார் என்பதால், இந்த ஏற்பாடு டென்மார்க்குடையதைவிட ஆழமானது என்றுகூடச் சொல்லலாம்.

எதிர்முனையில் நின்றது பிரிட்டன். இறையாண்மை பறிபோகிறது என்று ஐரோப்பாவிலேயே அதிகம் குரல் எழுப்பிய நாடு, தன் அமைச்சரைக் கட்டிப்போடும் கயிற்றைத் தன் நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கவே இல்லை. 1974 முதல் அங்கே ஒரு குழு இருந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் தாள்களை மலைபோல் குவித்து வைத்துச் சலித்து, எது முக்கியம் என்று பிரித்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. பிரபுக்கள் அவையின் குழு வெளியிட்ட அறிக்கைகளை பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளே மதித்துப் படித்தார்கள். குழு பார்த்து முடிக்காத முன்மொழிவுக்கு அமைச்சர் ஒப்புதல் தரக் கூடாது என்ற தீர்மானமும் இருந்தது. ஆனால் காரணம் சொல்லிவிட்டு அதை மீறலாம் என்ற வழியும் அதே தீர்மானத்தில் இருந்தது, மீறினார்கள். அவையில் விவாதிக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்த விஷயங்கள் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. 2020 ஜனவரி 31 அன்று அந்நாடு வெளியேறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால், எல்லாம் நம் தலைக்கு மேலே முடிவாகிறது என்ற மனக்குறைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமும் தீனி போட்டது.

லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பரில் வந்தபோது தேசிய நாடாளுமன்றங்களுக்கு ஒரு புதுக் கருவி கிடைத்தது: மஞ்சள் அட்டை. ஒரு முன்மொழிவு நாடுகளே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தில் தலையிடுகிறது என்று எட்டு வாரங்களுக்குள் மூன்றில் ஒரு பங்கு வாக்குகள் சொன்னால், சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையம் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெயரளவில் பெரிய ஆயுதம். 2012, 2013, 2016 என்று மூன்று முறை அது உயர்த்தப்பட்டது. முதல் முறை, வேலைநிறுத்த உரிமை தொடர்பான முன்மொழிவுக்கு எதிராக, 18 வாக்குகள் போதும் என்ற இடத்தில் 19 விழுந்தன. ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. அப்போதும் நாடாளுமன்றங்களின் வாதம் சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற இரண்டு முறையும் கேட்டுக்கொண்டு தன் வழியே போனது. 2016இல் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படும் தொழிலாளர் சட்டத் திருத்தத்தை எதிர்த்த 11 நாடுகளில் பத்து, மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகள், பதினொன்றாவது டென்மார்க். திருத்தம் 2018இல் சட்டமானது. தூரத்து ஆணையத்திடம் அட்டை காட்டுவதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சொந்த அமைச்சரைப் பிடிப்பதே பலன் தரும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 27 அமைச்சர்களும் கையைக் கட்டிக்கொண்டு வந்தால் பேரம் எப்படி நடக்கும்? தங்கள் கடைசி விலையை முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டு யாராவது சந்தைக்குப் போவார்களா? டென்மார்க்கின் அரை நூற்றாண்டு அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. குழு தருவது ஒரு வரம்பு. அதற்குள் அமைச்சர் நகரலாம். வரம்பு போதாவிட்டால் குழுவிடம் திரும்பி வரலாம். கூட்டங்கள் இப்போது பொதுவாகத் திறந்தே நடக்கின்றன. ரகசியம் தேவைப்படும் பகுதிக்கு மட்டும் கதவு மூடப்படுகிறது. ஒன்றியச் சட்டங்களைக் காலத்தோடு உள்நாட்டுச் சட்டமாக்குவதில் டென்மார்க்குக்கு நல்ல பெயர் இருக்கிறது. முதலிலேயே சண்டை போட்டு முடித்ததன் பலன் அது.

குழு வலுவாக இருப்பது வேறு, குழுவே நாடாளுமன்றமாகிவிடுவது வேறு. யூரோ நெருக்கடியின்போது ஜெர்மனி இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தது. மீட்பு நிதி தொடர்பான அவசர, ரகசிய முடிவுகளை எடுக்க, 41 பேர் கொண்ட பட்ஜெட் குழுவிலிருந்து ஒன்பது பேரை மட்டும் தனியே எடுத்து அமர்த்தினார்கள். இரண்டு உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 பிப்ரவரி 28 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியைச் செல்லாது என்றது. மிக ரகசியமான ஒரு வேலையை மட்டும் ஒன்பது பேருக்கு விட்டுவைத்தது. வரிப்பணத்தின் மீதான பொறுப்பு எல்லா உறுப்பினருக்கும் சொந்தம் என்ற அந்தத் தீர்ப்பின் அடிப்படை, குழு அமைக்கும் எந்த அவைக்கும் பொருந்தும்.

ஆனால் டென்மார்க் குழுவுக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. இன்று பெரும்பாலான ஒன்றியச் சட்டங்கள், ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றம், கவுன்சில் ஆகிய மூன்றும் மூடிய அறையில் நடத்தும் முத்தரப்புப் பேச்சில் உருப்பெறுகின்றன. அங்கே ஒரு நான்கு பத்தி அட்டவணை சுற்றும். முதல் மூன்று பத்திகளில் மூவரின் நிலைகள், நான்காவதில் சமரசம். உண்மையான சட்டம் எழுதப்படுவது அந்த நான்காவது பத்தியில். எட்டு வாரக் கெடு மூல முன்மொழிவுக்கு மட்டுமே; நான்காவது பத்தி அடையாளம் தெரியாமல் மாறினாலும் கடிகாரம் மறுபடி ஓடாது. போதாததற்கு, கவுன்சிலின் ஆயத்தக் கூட்டங்களில் எந்த நாடு என்ன சொன்னது என்று முறையாகப் பதிவு செய்யாதது நிர்வாகக் குறைபாடு என்று ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் எமிலி ஓ'ரைலி 2018இல் கண்டித்தார். சொல்லிவிட்டுப் போன வரம்புக்குள்தான் அமைச்சர் தரப்பு நின்றதா என்று சரிபார்க்க, குழுவிடம் அப்புறம் என்ன இருக்கிறது?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன்னாள் அதிகாரி ஒருவர் அந்த நான்காவது பத்தியைக் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குப் போட்டு 2018 மார்ச்சில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் வென்றார். ஒரு தனிமனிதர் நீதிமன்றம் ஏறி வாங்க வேண்டியிருந்த அதே தாளை, ஒவ்வொரு சுற்றுப் பேச்சும் முடிந்த அன்றே 27 நாடாளுமன்றக் குழுக்களுக்கும், எந்த நாடு எந்தப் பக்கம் நின்றது என்ற குறிப்போடு அனுப்ப வேண்டும். அதற்கு ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியதில்லை. கவுன்சில் செயலகம் தன் மின்னஞ்சல் பட்டியலில் 27 முகவரிகளைச் சேர்த்தால் போதும்.