பச்சை நிறத்தை மட்டும் நம்பலாமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரும் போட்டாகிவிட்டது. அடுத்து பலர் கண் வைப்பது கேமரா டிரோன் மீதுதான். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு அக்கா மகன் தன் புது டிரோனுடன் ஊருக்கு வந்திருந்தான். பொறுப்பான பையன். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து, எங்கள் ஊர் பச்சை மண்டலத்தில் இருப்பதைக் காட்டினான். 2021 டிரோன் விதிகளின்படி அங்கே 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். "அப்புறம் என்ன மாமா?" என்றான். நானும் தலையாட்டினேன்.

வயலுக்கு அப்பால் ஒரு நடுத்தர அலை வானொலிக் கோபுரம் இருக்கிறது. டிரோன் அதை நெருங்கியதும் மொபைல் திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. திசைகாட்டி பிழை என்று செய்தி வந்தது. டிரோன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. இறக்கை சுற்றிக்கொண்டே இருந்தது. "இத்துனூண்டு எடை, என்ன ஆகிவிடும்" என்று அதற்குப் பிறகு அவன் சொல்வதில்லை.

டிரோன் பறக்கும் கேமரா அல்ல, பறக்கும் கம்ப்யூட்டர். ரிமோட்டுக்கு ஒரு ரேடியோ, ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு ரிசீவர், திசை அறிய ஒரு காந்த உணரி, எல்லாம் உள்ளங்கை அளவு போர்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. உயர்ந்த இரும்புக் கோபுரம் காந்த உணரியைக் குழப்பும். வலுவான அலை ரிசீவரைச் செவிடாக்கும். திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் கேட்குமா? அப்படித்தான்.

ரேடார் இன்னும் பெரிய ஆள். சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைப் பந்து போல ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது 2002-ல் நிறுவப்பட்ட வானிலை ரேடார். இதே எஸ் பேண்ட் வகையைச் சேர்ந்த அமெரிக்காவின் நெக்ஸ்ராட் ரேடார்கள் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 7,50,000 வாட் அனுப்புகின்றன. உங்கள் ரிமோட் அனுப்புவதோ ஒரு வாட்டுக்கும் குறைவு. அந்த ரேடார் ஒரு மணி நேரத்தில் உண்மையில் அலை அனுப்புவது மொத்தம் 7 விநாடிதான், மீதி நேரம் எதிரொலியைக் கேட்கிறது. சராசரி குறைவுதானே என்று நினைக்காதீர்கள். ரிசீவரைத் தாக்குவது அந்த நொடிப்பொழுது உச்சம். அலைவரிசையும் தொலைவில் இல்லை. ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ், இவ்வகை ரேடார்கள் 2.7-ஐ ஒட்டி.

"தரையில் வைத்துச் சோதித்தேன், சிக்னல் முழுசாக இருந்தது" என்பார்கள். அந்தச் சோதனையால் பயனில்லை. ரேடார் கதிர் தரையில் நிற்கும் நம் தலைக்கு மேலே போகிறது. டிரோன்தான் அதற்குள் ஏறிப் போகிறது. ஆன்டெனா சுற்றுவதால் தொல்லையும் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு நிமிடம் நன்றாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டர் செட்டிங்ஸில் டிஎஃப்எஸ் என்று ஒன்று இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் சிக்னல் தெரிந்தால் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்ற விதிதான் அது. அலமாரி மேல் அசையாமல் இருக்கும் பெட்டிக்கே இவ்வளவு மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறோம்!

பச்சை நிறம் சொல்வது சட்டத்தை மட்டும். அங்கே ரேடியோ அலை எவ்வளவு பலம் என்று அந்த வரைபடம் சொல்லாது. சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கோபுரங்களையும் ரேடார்களையும் அதில் தனி நிறத்தில் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை கண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். பறக்கவிடும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கோபுரமோ வெள்ளைக் கூண்டோ தெரிந்தால் அதற்கு எதிர்த்திசையில் பறங்கள். தூரம் இரட்டித்தால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், நூறு மீட்டர் தள்ளி நிற்பதே பெரிய வித்தியாசம். கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் கேமராவில் தெரியவே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெனுவில் இன்னொரு வேலை இருக்கிறது. சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'அங்கேயே மித' என்று இருந்தால் மாற்றுங்கள். தொல்லை உள்ள இடத்திலேயே பேட்டரி தீரும்வரை நிற்கும். 'வீடு திரும்பு' என்று வைத்து, திரும்பும் உயரத்தையும் வழியில் உள்ள மரம், கட்டடத்துக்கு மேலே இருக்கும்படி கொடுங்கள். டிரோனுக்கும் உங்களுக்கும் நடுவே கோபுரம் வரும்படி மட்டும் நிற்காதீர்கள். நேர்கோட்டில் திரும்பும்போது அதில்தான் போய் மோதும்.

மறுநாள் காலை அவன் ஊர்க் குளத்தின் அக்கரைக்குப் போய், கோபுரத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கவிட்டான். வீடியோ நன்றாகவே வந்திருக்கிறது. களை எடுத்த பெண்களில் ஒருவர் அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.