இன்னொரு சான்றிதழ்

கூடலூரில் நான் கவுண்டரில் இருந்தபோது, மகளின் உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க ஒரு பணியர் அம்மா வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை அட்டை. பிள்ளைக்குப் பத்து வயசு. அரிவாள் செல் நோய் கிடையாது. அதன் மரபணுவைச் சுமக்கிறாள், அவ்வளவுதான். "இதையும் வைக்கணுமா சார்?" என்றார். "வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். "அப்ப இதுங்க ரத்தமே கோளாறா?"

தோழர்களே, சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்த குழந்தைக்கு நோய் வரும். பிறந்ததுமே கண்டுபிடித்தால் பென்சிலினும் தடுப்பூசியும் கொடுத்து உயிரைக் காக்கலாம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாக நோயில்லை. மலேரியாக் காடுகளில் பிள்ளைகளைச் சாகாமல் காத்ததே அந்த ஒற்றை மரபணுதான். அதுவா கோளாறு?

பிறகு அவளுக்கு எதுக்கு அட்டை? கல்யாணத்துக்கு! 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை 7 கோடிப் பேரைச் சோதிக்கக் கிளம்பியது. கைக்குழந்தையும் அதில் அடக்கம். அட்டையைப் பொருத்திப் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று உபதேசம் வேறு. ஜாதகப் பொருத்தம் போய் ரத்தப் பொருத்தம் வந்தாச்சு. தன் ரத்தத்தைத் தெரிந்துகொள்வதா, யாரிடம் சொல்வது என்பதை அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும். பத்து வயசில் அவளை யார் கேட்டார்கள்?

அமெரிக்காவைப் பாருங்கள். 1971-ல் மாசாசூசெட்ஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இச்சோதனையைச் சட்டமாக்கியது. குறி, கறுப்புப் பிள்ளைகள்மீது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமந்தவர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படை அகாதமி 1981 வரை அவர்களுக்குக் கதவடைத்தது.

நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் இது இருப்பதை 1952-லேயே வெளிநாட்டு ஆய்விதழில் எழுதியாச்சு. தேசிய இயக்கம் வர எழுபது வருசம் ஆனது. வந்ததும் அட்டை அச்சடிக்க மட்டும் என்ன அவசரம்?

நோயுள்ள பிள்ளைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றைக்கும் இருக்கட்டும். மரபணுவை வெறுமனே சுமக்கிற பிள்ளையின் முடிவு, அவள் வந்து கேட்கும்வரை மருத்துவக் கோப்பில் மூடிக் கிடக்கட்டும். சாதிச் சான்றிதழாவது படிப்புக்கும் வேலைக்கும் ஆகும். இந்த அட்டை அவளுக்கு எதைத் தரும்?

அன்று பக்கத்து சீட்காரரிடம் கேட்காமல் விட்டதை இன்று கேட்கிறேன்: சார், உங்க பிள்ளையோட ரத்த ரிப்போர்ட்டை இதே கவுண்டர்ல நாலு பேர் பார்க்க வைப்பீங்களா?