கருவியும் உரிமமும்

மனிதர் எழுதும் நிரல்மொழியைக் கணிப்பொறி நேரே உணராது. அதனை எந்திரமொழிக்குப் பெயர்த்துத் தருவது கம்பைலர் எனப்படும் மென்பொருள். மொழிபெயர்ப்பு என்னும் உறவினால் தமிழ்த்துறையினராகிய நாமும் ஈண்டு அதுகுறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

அண்மையில் எம் முன்னாள் மாணவர் இருவர், தாம் ஆக்கிவரும் அகராதி மென்பொருளுக்குச் சொல்விளக்கம் கேட்டு வந்தனர். அதனை விற்றே அவர்கள் வாழ வேண்டும். எக்கம்பைலரைக் கையாளுகிறீர்கள் என வினவினோம். விலைமிக்க ஒன்றின் களவுப்படி என்றனர். விலையின்றிக் கிடைப்பன இல்லையோ என்றோம். "ஜிசிசி இருக்கிறது ஐயா. ஆனால் அதைக் கொண்டு ஆக்கினால் எங்கள் மூலநிரலையும் ஊருக்கே கொடுத்துவிட வேண்டுமாம்" என்றனர். படித்தறியாத ஓர் அச்சம் நல்ல பிள்ளைகளைக் களவுக்குத் தள்ளியிருந்தது!

கணிப்பொறித்துறை நண்பர்களுடன் அமர்ந்து அவ்வுரிமங்களைப் படித்தோம். ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்தில் 1987-இல் வெளிவந்தது ஜிசிசி. அதன் ஜிபிஎல் உரிமம் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் பெயர்க்கப்பட்ட நம் நிரலை அன்று. எழுதுகோல் செய்தவன் கவிதைக்கு உரிமை கோருவதில்லை அன்றோ? கம்பைலரின் சிறு நூலகப் பகுதிகள் நம் நிரலோடு கலப்பதுண்டு. அதற்கும் 2009-இல் வெளியான இயக்க நூலக விலக்கு இடமளிக்கிறது. ஆகவே ஜிசிசியைக் கொண்டு விற்பனை மென்பொருள் ஆக்கத் தடையில்லை.

பிறகு, தளர்வான உரிமமுடைய கம்பைலர் எவர்க்குத் தேவை? கம்பைலரையே திருத்தி, தம் மென்பொருளுக்குள் பொதித்து, மூலநிரலை வெளியிடாது விற்க விரும்புவோர்க்கே தேவை. அவர்க்கு உரியது எல்எல்விஎம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வின் கனி அது. அதன்மேல் அமைந்ததே கிளாங் கம்பைலர். 2019 முதல் இவை சில விலக்குகளுடன் கூடிய அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் வளர்கின்றன. 2014-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 10, ஜிசிசிக்கு மாற்றாகக் கிளாங்கையே தன் முதன்மைக் கம்பைலராகக் கொண்டது.

தளர்வு என்பது கடமையின்மை அன்று. கம்பைலரையே வழங்குவோர் அதன் உரிமப் படியையும் உடன் தர வேண்டும். நாம் இணைக்கும் நூலகங்களின் உரிமங்களோ தனித்தனி. சான்றாக, குனு சி நூலகம் எல்ஜிபிஎல் உரிமத்தது. அதனை நிரலுக்குள்ளேயே நிலையாகப் பிணைத்து விற்போர்க்குக் கூடுதல் கடமைகள் உண்டு.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் குழப்பம் பிறக்கிறது. தமிழில் இரண்டிற்கும் தனிச்சொற்கள் உள. இக்குழப்பத்தை நீக்கும் கடமை தமிழ் கற்பிப்போர்க்கும் உண்டென்பது எம் கருத்து. நிரலெழுதக் கற்பிக்கும் கல்லூரிகள், உரிமம் படிக்கவும் ஒரு பாடவேளை ஒதுக்கட்டும். உரிமங்களின் சாரத்தை எளிய தமிழில் ஆக்கித் தரத் தமிழ்த்துறை முன்வரட்டும்.

மாணவச் செல்வங்களே! உரிமத்தைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். படிக்காமல் அஞ்சுவதும் தவறு. படிக்காமல் துணிவதும் தவறு. நேரிய கருவியால் ஆக்கிய பொருளையே நெஞ்சு நிமிர்த்தி விற்க இயலும்.