எலுமிச்சம்பழத்தோடு கல் வாங்கப் போனேன்!

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் டோட்டல் போடுவான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, ஓர் இலைக்கு என்ன செலவாகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். அப்படிப்பட்ட அடியேனிடம்தான், பாகூர் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டின் சமையல் மேடைக்குக் கல் வாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். ஏரி, வாய்க்கால், வண்டல்... தோண்டினால் சேறு வரும், கல் வராது. மூலநாதர் கோயிலுக்கே சோழர் காலத்தில் எங்கிருந்தோதான் கல் வந்திருக்க வேண்டும். ஆயிரம் வருஷம் கழித்து என் கிச்சனுக்கும் அதே கதி. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் ஒரு கிரானைட் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பெயர்களைச் சொல்லச் சொல்ல, சுற்றுலா போன மாதிரியே இருந்தது. 'காஷ்மீர் ஒயிட்' என்றார். பனிமலையிலிருந்து வந்ததாக்கும் என்று மரியாதையாகத் தொட்டுப் பார்த்தேன். விசாரித்தால், அது நம்ம மதுரைப் பக்கம் வெட்டுகிற கல்! 'பிளாக் கேலக்ஸி' மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தி.

இன்னொன்று கேளுங்கள். 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. கல்லைப் படித்தவர்கள் அதை டோலரைட், காப்ரோ என்பார்கள். அதனால் குறையில்லை, நல்ல உறுதியான கல்தான். ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கிவிடுகிற கில்லாடிகளும் உண்டு. (நாற்பதைத் தாண்டிய நம்மவர்கள் தலைக்குச் செய்வதுதான்!)

அதனால் பையில் இரண்டு ஆயுதங்களோடு போயிருந்தேன். ஒன்று, எலுமிச்சம்பழம். இன்னொன்று, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவர்.

பழத்தை நறுக்கி ஒரு மாதிரித் துண்டின்மேல் வைத்ததும் கடைக்காரர் ஆடிப்போனார். "திருஷ்டியா சார்? காலையிலேயே சுத்திப் போட்டுட்டோமே!"

திருஷ்டி இல்லை, டெஸ்ட். மார்பிள், கடப்பா எல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளிப்பு பட்டால் பளபளப்பு போய்த் தடம் விழும். நிஜ கிரானைட் அசையாது. புளி கரைக்காத நாள் நம் வீட்டில் உண்டா, சொல்லுங்கள்? அடுத்து, அசிட்டோன் கலந்த ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்துக் கறுப்புக் கல்லில் தேய்த்தேன். துணி கறுத்தது.

"அது பாலிஷ் சார்" என்றார்.

"இதுவும் பாலிஷ் ரிமூவர்தான் சார்" என்றேன்.

மூன்றாவது டெஸ்டுக்குக் காசே வேண்டாம். ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் பொறுங்கள். துடைத்த பிறகும் அந்த இடம் கறுத்து நின்றால், கல் தண்ணீர் குடிக்கிறது. நாளைக்கு எண்ணெயும் மஞ்சளும் குடிக்கும். ஒன்று, வேறு கல் பாருங்கள். இல்லை, சீலர் பூசுங்கள்.

கறுப்பே வேண்டாம் என்று தீர்ப்பு சொன்னது அம்மா. "கறுப்புல கரப்பான் ஓடினா கண்ணுக்குத் தெரியுமாடா?" நாற்பது வருஷ சர்வீஸ் பேசுகிறது! சாம்பலில் சிவப்புப் புள்ளி தெளித்த, அசல் கிரானைட் ஒன்றை எடுத்தோம்.

பில் வந்தது. எங்களுடையது எல் ஷேப் மேடை. ஒரு பக்கம் பத்தடி, இன்னொரு பக்கம் எட்டடி, அகலம் இரண்டடி. பத்தும் எட்டும் பதினெட்டு, இன்ட்டு இரண்டு, 36 சதுர அடி என்று போட்டிருந்தார். மூலையை இரண்டு பக்கத்திலும் எண்ணிவிட்டார்! நிஜத்தில் 32. "டபுள் என்ட்ரி கணக்குப் புத்தகத்துலதான் சார், கிச்சன் மூலையில கிடையாது" என்று சொல்லி 4 சதுர அடிக்கான காசைக் கழிக்க வைத்தேன். விளிம்பு உருட்டும் கூலி ரன்னிங் அடிக் கணக்கு. சுவரோடு ஒட்டுகிற பக்கத்துக்கு உருட்டலே தேவையில்லை. அங்கேயும் கூலி ஏறியிருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். அன்றைக்கு என் நடையைப் பார்த்தவர்கள், பையன் சி.ஏ. பாஸாகிவிட்டான் என்றே நினைத்திருப்பார்கள். (இன்டரில் மூன்று முறை போனவன் என்பது நமக்குள் இருக்கட்டும்.)

அந்தக் கர்வம் மேடை உயரத்தில் இறங்கியது.

"ஸ்டாண்டர்ட் ஹைட் சார், 33 இன்ச்" என்றார் மேஸ்திரி. நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியனும் தலையாட்டினார். மூன்று பேரும் வாழ்க்கையில் ஒரு தடவைகூட ரசம் தாளித்ததில்லை!

மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த ஸ்டாண்டர்ட் யாரு? அவங்களா வந்து சமைக்கப் போறாங்க?"

அம்மா நாலடி பத்து அங்குலம். மனைவி ஐந்தடி ஐந்து. டேப்பை எடுத்தோம். முழங்கையை மடக்கி நின்றால், அதற்குச் சுமார் நாலு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். முதுகு குனியாது, தோள் தூக்காது. அடுப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வு நல்லது. அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் சேருமில்லையா? கடைசியில் அம்மா நிற்கும் அடுப்புப் பக்கம் 30, மனைவி காய் நறுக்கும் சிங்க் பக்கம் 35, நடுவில் ஒரு படி என்று முடிவானது.

"நான் எங்க நிக்கறது?" என்றேன்.

"சிங்க் பக்கம் இடம் காலியாத்தான் இருக்கு."

கல் வந்து இறங்கிய நாள். சிங்க்குக்கு ஓட்டை போட வேண்டும். முன்ஜாக்கிரதையாக ஃபிரிட்ஜுக்குப் போர்வை, டி.வி.க்கு என் பழைய வேட்டி. இருபது வயசுப் பையன் ஒருவன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கை கட்டரை ஆன் செய்தான். அரை நிமிஷத்தில் வீடு மார்கழி விடியற்காலை ஆனது. பையனே தெரியவில்லை.

அம்மா என் தோளைத் தட்டினாள். "ஃபிரிட்ஜுக்குப் போர்வை போத்தினியே... அந்தப் புள்ள மூஞ்சிக்கு என்னடா போத்தின?"

சார், எனக்குத் தெரியாத விஷயமில்லை. அசல் கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்காவது குவார்ட்ஸ் இருக்கும். அதாவது சிலிகா. அறுக்கும்போது பறக்கிற பொடியில் கண்ணுக்குத் தெரியாத நைஸ் தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ். வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. துணியும் துண்டும் அதைத் தடுக்காது. 90 சதவீதம் வரை சிலிகா உள்ள செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை, அறுக்கிற தொழிலாளிகளுக்கு இந்த நோய் வந்ததால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடையே செய்துவிட்டது. இதையெல்லாம் பேப்பரில் படித்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜுக்குப் போர்வை தேடினேன்!

"தண்ணி விட்டு அறுக்கக் கூடாதாப்பா?" என்றேன்.

"பழகிடுச்சு சார். இந்த மிஷின்ல தண்ணி விட்டா ஷாக் அடிக்கும்."

இரண்டாவது வாக்கியம் நிஜம். சாதாரணக் கை கட்டரில் சொம்புத் தண்ணீர் ஊற்றுவது, பையனை வேறு வழியில் அனுப்பி வைப்பது. தண்ணீர் பாய்ந்துகொண்டே அறுக்கிற மிஷின் பட்டறையில்தான் இருக்கும். அதில் தூசி சேறாகிக் கீழேயே விழுந்துவிடும்.

நிறுத்தச் சொன்னேன். பாதி ஓட்டையோடு கல் மறுபடி டெம்போ ஏறியது. போன காரியத்தோடு, முன் விளிம்பின் அடியில் ஒரு மெல்லிய கோடும் இழுத்துக் கொண்டு வந்தோம். வழிகிற தண்ணீர் அந்தக் கோட்டோடு சொட்டிவிடும், கீழ் அலமாரிக்குள் போகாது. டெம்போ வாடகை, காத்திருந்தவர்களுக்கு அரை நாள் கூலி... கூட்டிப் பார்த்தேன். மூலையில் மிச்சம் பிடித்த 4 சதுர அடி போக, மேலே நூறு ரூபாய் கை நஷ்டம்.

நீங்கள் அந்த நூறு ரூபாயையும் மிச்சம் பிடிக்கலாம். பில் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள்: "சிங்க் ஓட்டை, விளிம்பு எல்லாம் இங்கயே தண்ணி விட்டு அறுத்துத் தருவீங்களா?" எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

மேடை அருமையாக அமைந்துவிட்டது. இப்போது தினமும் ராத்திரி சிங்க் பக்கம் நிற்கிறேன். 35 அங்குலம் எனக்கும் கச்சிதம். முதுகு வலி என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை!