விரல் வழியும் விழி வழியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்வையற்ற சிறுவர்களுக்கென்று பாரிஸ் நகரில் ஒரு பாடசாலையை நிறுவிய வாலன்டின் ஹாய் என்னும் பெருமகனார், அச்சிறுவர்கள் கல்விக்கே உரியவரல்லர் என்று உலகம் தீர்மானித்திருந்த காலத்தில் அத்தீர்மானத்தைப் பொய்யாக்கியவர் என்ற முறையில் என்றும் நம் வணக்கத்துக்குரியவர். ஆயினும் அவர் அச்சிட்டுத் தந்த நூல்கள், கண்ணால் படிப்போருக்காக ஏற்பட்ட எழுத்துக்களையே தாளில் புடைத்தெழச் செய்தவையாக இருந்தமையால், ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோணத்தையும் விரலால் தடவித் தடவித் தேறுவதற்குள் வாக்கியத்தின் முற்பகுதி மாணவனின் நினைவை விட்டு அகன்றுவிடும். தன் கருத்தைத் தானே எழுதிக்கொள்ளவோ அம்முறையில் எளிய வழியில்லை. 1819இல் பத்து வயதுப் பாலகனாக அப்பள்ளியில் சேர்ந்த லூயி பிரெயில், சார்லஸ் பார்பியே என்னும் இராணுவ அதிகாரி வகுத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறையை ஆராய்ந்து, விரல் நுனி ஒரே தொடுகையில் முழுவதும் உணரத்தக்க ஆறு புள்ளிகளாக அதைச் சுருக்கியபோது அவருக்கு வயது பதினைந்து. பார்வையுள்ள அறிஞர் பலர் பல்லாண்டு முயன்றும் காணாததை, விரலாலேயே படித்தாக வேண்டிய ஒரு சிறுவன் கண்டான். அம்முறையைப் பிரான்ஸ் அரசு முறைப்படி ஏற்றதோ, அவர் 1852இல் காலமாகி இரண்டாண்டு கழிந்த பின்னரே.

சிறப்புக் கல்வியின் சரித்திரத்தைக் கருணையின் வளர்ச்சியாகவே எழுதிச் செல்வது வழக்கம். கருணையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு எந்தப் புலன் சுவாதீனமாக இருக்கிறதோ அதன் வழியே கல்வி சென்ற இடங்களில் இத்துறை தழைத்தது என்பதும், கற்பிப்போர் தம் புலனையே பொது அளவாக வைத்த இடங்களில் நல்லெண்ணம் இருந்தும் குழந்தை வாடியது என்பதும் அச்சரித்திரம் காட்டும் உண்மைகள்.

காது கேளாதோர் கல்வியில் இது இன்னும் துயரமாகத் தெரிகிறது. பாரிஸில் லெப்பே என்னும் பாதிரியார், காது கேளாதோர் தமக்குள் வழங்கிய சைகைகளையே ஆதாரமாகக் கொண்டு பாடம் நடத்தினார். அவர் தொடங்கிய பள்ளியில் பயின்றவரும், தாமும் காது கேளாதவருமான லோரான் கிளெர்க், 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு பள்ளி எழக் காரணராயினார். இவ்வாறு வளர்ந்து வந்த மரபை, 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைக் காட்டிலும் வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்து முறித்தது. அத்தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். அதன்பின் பல தேசங்களில் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். வகுப்பறையில் கையசைத்த குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். உதட்டைப் பார்த்தே மொழி பயிலலாம் என்போர், 'பாடு' என்றும் 'மாடு' என்றும் கண்ணாடி முன் நின்று ஒலியெழாமல் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டிலும் இதழ்கள் ஒரேவிதமாகவே மூடித் திறக்கும். எஞ்சிய செவித்திறனைக் கருவியால் பெருக்கிப் பேச்சுப் பயிற்சி அளிப்பதைக் குறை கூற நான் துணியேன். அதனால் பயன் பெற்ற குழந்தைகள் நம்மிடையே அநேகர். பேச்சின் பொருட்டுச் சைகையைப் பறித்ததே அநீதி. மிலான் மாநாட்டின் தீர்மானங்களைத் தவறென்று 2010இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு நிராகரிப்பதற்குள், பல தலைமுறைகளின் பள்ளிப் பருவம் கழிந்துவிட்டது.

நம் நாட்டில் பாளையங்கோட்டை இத்துறையின் முன்னோடித் தலங்களுள் ஒன்று. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சில ஆண்டுகளில் ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் அங்கே தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் உருவான பாரதி பிரெயிலில் தமிழ் எழுதும் முறையை நான் வியப்போடு பார்ப்பதுண்டு. அச்சில் 'கொ' என்னும் எழுத்துக்குக் ககரத்தின் இருமருங்கிலும் குறிகள் நிற்க, பிரெயிலில் முதலில் ககரமும் அடுத்து ஒகரமும், நாவில் பிறக்கும் அதே கிரமத்தில் வருகின்றன. குழந்தை பிரெயில் சிலேட்டில் தாளைச் செருகி, வலமிருந்து இடமாகக் குத்தூசியால் புள்ளியிட்டு, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறது. சில மாதப் பயிற்சியில் இந்தத் தலைகீழ்க் கணக்கு அதற்கு இயல்பாகிவிடுகிறது.

அறிவுத்திறன் குன்றிய குழந்தைகளின் பொருட்டு பிரெஞ்சு மருத்துவர்களான இட்டாரும் செகேனும் கண்ட முறைகளை ரோமாபுரியில் பயின்று விரித்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவி மழலையர் அகரம் கற்பது அவ்வழி வந்ததே. எல்லாக் குழந்தைகளின் பள்ளியும் அறிவுத்திறன் குன்றிய இக்குழந்தைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்குப் பெருங்குறையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கி, ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமையை அளித்ததோடு, சைகை மொழியிலும் பிரெயிலிலும் தேர்ந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகளையும் உள்ளிட்டு, நியமிக்க வேண்டுமென்றும் பணித்தது. ஆனால் அருகமைப் பள்ளியில் பெயர் பதிவான காது கேளாத சிறுமியின் ஒரு நாளை நோக்குக. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவர் முகமே அவளுக்கு மறைந்துபோகிறது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அவள் எழுத்தெழுத்தாகப் பிரதி செய்கிறாள். கையெழுத்து அழகாக இருப்பதால் திருத்துகிறவர் 'நன்று' என்று எழுதுகிறார். எழுதியதன் பொருள் அவளுக்குத் தெரியாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரோ, தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டியவர். அவருடைய சிரத்தைக்குக் குறைவில்லை, அவருக்குத்தான் பொழுதில்லை. தொடக்க நிலையில் இத்தகைய பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்னும் விகிதம், 2021இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து வகுக்கப்பட்டது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025இல் அந்நீதிமன்றமே மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

அப்பணியிடங்கள் நிரந்தரமானவையாக நிரப்பப்பட வேண்டும். நிரப்பும்போது காது கேளாத பட்டதாரிகளுக்கும் பார்வையற்ற பட்டதாரிகளுக்கும் உரிய ஸ்தானம் கிடைக்க வேண்டும். அதற்கு முன்னதாக, கல்வியியல் கல்லூரிகளில் அவர்கள் பயில்வதற்குச் சைகை மொழிபெயர்ப்பாளரும் பிரெயில் நூல்களும் வேண்டும். வேறொன்றும் உண்டு. சட்டம் ஆறு வயதிலிருந்து கணக்கிடுகிறது. குழந்தையின் மொழியோ பிறந்தது முதலே உருவாகத் தொடங்கிவிடுகிறது. செவிப்புலன் இல்லாத குழந்தை, வீட்டில் ஒருவரும் சைகை அறியாமல் அந்த ஆறாண்டையும் கழித்துவிட்டால், பின்னர் எத்தனை ஆசிரியர் வந்தாலும் அந்த இழப்பு முழுவதும் ஈடாவதில்லை. ஆகையால் சிறப்பாசிரியரின் பணி அங்கன்வாடியிலும், குறை கண்டறியப்பட்ட வாரத்திலேயே அக்குழந்தையின் வீட்டிலும் தொடங்க வேண்டும். தாயோடும் தந்தையோடும் பாட்டியோடும் அமர்ந்து முதல் சைகைகளைக் கற்றுத்தர, காது கேளாத பெரியவர் ஒருவரும் உடன் செல்ல வேண்டும். அவருடைய அச்சேவைக்கு அரசு மாதந்தோறும் முறையான ஊதியம் வழங்க வேண்டும்.